வீட்டில் வசிப்போர் விபரம்

என் தம்பி டெக்சாஸில் ஒரு சின்னக் கடை நடத்துகிறான். என்னைவிடப் பதினான்கு வயது இளையவன். அவனுக்குக் குடல் புற்றுநோய். காலம் கடந்துவிட்டது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். இதில் என் பங்கு என்ன என்பதை எழுதி வைக்கிறேன். எழுபத்திரண்டு வயதில், லண்டன் பக்கத்து இல்ஃபோர்ட்டில் இருந்துகொண்டு, வேறு எதுவும் என்னால் செய்ய முடியாது.

அமெரிக்கக் குடியுரிமை கிடைத்ததும் அவன் தன் முதல் வாக்கை இரண்டு பெரிய கட்சிகளுக்கும் போடவில்லை. மனிதனை அவன் பாட்டுக்கு விடு என்று அரசாங்கத்துக்குச் சொல்லும் ஒரு சிறிய கட்சிக்குப் போட்டான். ஒருநாளும் வெல்லாத கட்சி. நூலக மண்டபம் ஒன்றில் நடந்த அவர்களுடைய கூட்டத்துக்கும் போய்விட்டுத் தொலைபேசியில் சொன்னான்.

“இருபது பேர்தான் அண்ணை. ஒருத்தி தலைமயிர் பின்னுறவ. லைசென்ஸ் இல்லையெண்டு கடையைப் பூட்டிப்போட்டாங்களாம். ஒரு கிழவருக்குத் தன்ர காணியில கிணறு வெட்ட விடேல்லை எண்டு பத்து வருசமாக் கோவம். உனக்கு என்ன பிரச்சினை எண்டு என்னையும் கேட்டாங்கள்.”

“நீ என்ன சொன்னனீ?”

“எங்கட வீட்டில ஆர் ஆர் படுக்கினம் எண்டு பொலிசுக்கு எழுதிக் குடுக்கிறனாங்கள் எண்டன். எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டினவை. கிணத்துக்காரர் பாவம், அவற்ற கதை எடுபடேல்லை.”

இருவரும் சிரித்தோம். அமெரிக்கர்களுக்கு அந்த அரசியல் ஏன் பிடிக்கிறது என்று இங்கே பேப்பர்களில் எழுதுகிறவர்கள் வரியைப் பற்றியே எழுதுகிறார்கள். என் தம்பி சொன்ன இருபது பேரிடமும் இருந்தது வேறு. ஏதோ ஓர் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்ற அவமானம்.

தம்பியின் அவமானத்துக்குக் காரணம் நான். போர்க்காலத்தில் கொழும்பில் வாடகைக்கு இருந்தபோது, தமிழர்கள் பொலிசுக்குக் கொடுக்க வேண்டிய ‘வீட்டில் வசிப்போர் விபரம்’ என்ற அந்தப் படிவத்தை நிரப்புவது என் வேலை. அவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவன் பெயரை விட்டுவிடும்படி வீட்டுக்காரரே சொன்னார். சட்டப்படி நடப்போம் என்று நான் எழுதினேன். அடுத்த வாரம் பொலிசார் அந்தத் தாளோடு வந்து அவனை மட்டும் கொண்டுபோனார்கள். பதினொரு நாட்களுக்குப் பிறகு திரும்பியவனுக்கு இடது கையைத் தோளுக்கு மேல் உயர்த்த முடியவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

லண்டனுக்கு வந்து நான் கவுன்சிலில் வேலை செய்தேன். வீடு கேட்டு வருகிறவர்களின் படிவங்களை இருபது வருடம் சரிபார்த்தேன். மாலை வகுப்புகளில் அரசியல் தத்துவம் படித்தேன். அரசு ஏன் சுருங்க வேண்டும் என்பதற்கான வாதங்களை ஞாயிற்றுக்கிழமைகளில், அமெரிக்கா போய்விட்ட தம்பிக்குத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னேன். அவனிடம் இருந்தது ஒரு காயம். அதற்குக் கொள்கை என்று பெயர் வைத்துக் கொடுத்தவன் நான்.

ஏழு வருடங்களுக்கு முன் அவன் கேட்டான்.

“அண்ணை, மருத்துவ இன்சூரன்சுக்கு ஒரு போர்ம் வந்திருக்கு. அரசாங்கமும் ஒரு பங்கு கட்டுமாம். ஆனா வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு முழுக்கக் கேக்கிறாங்கள். எழுதட்டோ?”

“அது உன்ர முடிவு தம்பி. எழுதினா எழுதினதுதான்.”

“ஓம், அதுதான் நானும் யோசிக்கிறன்.”

 எழுது என்று ஒரு சொல் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் கொள்கை காரணமல்ல. அவன் பெயரை இரண்டாவது முறையும் ஒரு தாளில் ஏற்றியவனாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை அவனுடைய சுதந்திரம் என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். அவன் எழுதவில்லை. பிறகு வயிற்றுவலி வந்தபோது, இன்சூரன்ஸ் இல்லாததால் வைத்தியரிடம் போகாமல், ஒன்றரை வருடம் மருந்துக்கடை மாத்திரைகளோடு சமாளித்தான்.

அவன் அப்படிக் கேட்ட அதே வருடம் என் வீட்டுக் கதவின் தபால் துவாரத்தால் ஒரு சிறிய பொதி விழுந்தது. குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர்களுக்கு இங்கே குடல் புற்றுநோயைக் கண்டுபிடிக்க அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அனுப்பும் மலப் பரிசோதனைப் பொதி. நான் கேட்கவில்லை. என் பெயரும் வயதும் விலாசமும் ஒரு பட்டியலில் இருந்ததால் வந்தது. சோதித்துத் திருப்பி அனுப்பினேன். கூப்பிட்டுக் குடலைப் பார்த்தபோது உள்ளே இரண்டு கட்டிகள் இருந்தன. புற்றுநோயாக மாறுமுன் வெட்டி எடுத்தார்கள். அந்த வாரமும் தம்பியோடு பேசினேன். இதைச் சொல்லவில்லை.

போன ஞாயிறு எல்லாவற்றையும் சொன்னேன்.

“அண்டைக்கு எழுது எண்டு நான் சொல்லியிருக்க வேணும். கொழும்பிலயும் நான்தான் உன்னை…”

“விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை.” குரல் மெலிந்திருந்தது. கோபம் இல்லை. “அண்டைக்குக் கொழும்பில நீங்கள் எழுதினீங்கள். சரி. இது நான் எடுத்த முடிவு. என்ர சீவியத்தில எடுத்த ஒரு முடிவு. இதையும் நீங்கள் எடுத்துக்கொண்டு போகப் பாக்கிறியளோ?”

 ஒவ்வொருவனும் தன் வாழ்வுக்குத் தானே பொறுப்பு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அடுத்த தேர்தல்வரை இருந்தால் அந்தக் கட்சிக்கே வாக்குப் போடுவேன் என்றான். களைப்பாக இருக்கிறது என்று தொலைபேசியை வைத்தான்.

நேற்று எனக்கு இந்த முறைக்கான பரிசோதனைப் பொதி வந்தது. மேசையில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. என் பெயரைப் பிழையில்லாமல் அச்சிட்டிருக்கிறார்கள்.