பூ வைத்தால் நின்றுபோகும் பணம்

தெருத்தெருவாகப் போய்ப் பென்ஷன் கொடுக்கிற தொழிலில் கைரேகை மெஷினைத் தூக்கிச் சுமப்பது பாதி வேலை; பார்த்ததைப் பார்க்காத மாதிரி திரும்பி வருவது மீதி வேலை. என்னைப் போல வெயிலில் அலையும் சக பாவிகளுக்கு இது புரியும்.

கொடியில் ஒரு கைலி

செஞ்சியில் கோட்டைக்குப் போகும் ரோட்டை ஒட்டிய தெருவில் கஸ்தூரி வீடு. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் கூலிவேலைக்குப் போகிறவள். புருஷன் செத்த பிறகு விதவைப் பென்ஷன் வருகிறது. மறுமணம் செய்தால் அது நின்றுவிடும்.

அன்றைக்கு என் வண்டிச் சத்தம் கேட்டதும் தலையிலிருந்த கனகாம்பரத்தை அவசரமாக உருவி டிபன் டப்பாவுக்குள் போட்டாள். பூ வைத்திருந்தால் மெஷின் விரலை ஏற்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கொடியில் ஆண்பிள்ளைக் கைலி ஒன்று, இரண்டு பக்கமும் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. நான் மெஷினை எடுத்து ஆன் செய்தேன். அவளாகச் சொன்னாள்:

"காத்துல எங்கேர்ந்தோ பறந்து வந்துச்சுக்கா."

கைலிக்காரர்

சில நாள் கழித்து, நெல் ஏலம் விடும் கமிட்டி வாசலில் ஒருவர் என் வண்டியை மறித்தார். மூட்டை தூக்குகிறவர், பெயர் செல்வம். கொடியில் காய்ந்த அதே கைலியை அவர் இடுப்பில் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"நான் கஸ்தூரி கூட இருந்தா அதுக்கு வர்ற காசை நிறுத்திடுவாங்களா மேடம்?"

கல்யாணம் ஆனால் நிறுத்துவார்கள், சேர்ந்து இருப்பது தெரிந்தாலும் விசாரணை வரும் என்றேன். தலைத்துண்டை உருவி முறுக்கினார்.

"அப்போ நான் போயிடறேன். அது கைக்குன்னு வர்றது அந்தக் காசு ஒண்ணுதான்."

மூடாத டப்பா

அடுத்த வாரம் கஸ்தூரி என்னைத் தேடி வந்தாள். தலை நிறையக் கனகாம்பரம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் செல்வம், கையில் துணி மூட்டையோடு. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறார்களாம்; பென்ஷனை நிறுத்த எங்கே எழுதிக் கொடுக்கணும் என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பைத்தியமாடி உனக்கு? நாளைக்கு அவர் மாறிட்டா இன்னா பண்ணுவே?"

"மாறுற ஆளு மூட்டை கட்டுவாராக்கா? எனக்காவப் போறேன்னு கெளம்பிட்டாரு. பஸ் ஸ்டாண்டுல புடிச்சு இழுத்தாந்தேன். இனிமே உன் வண்டிச் சத்தம் கேட்டா பூவ டப்பாவுல போட வோணாம் பாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாலுகா ஆபீசுக்கு இரண்டு பேரையும் நானே கூட்டிப் போனேன். படியேறும்போது அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"அந்த மூட்டைய இப்பவாவது கீழ வையேன்யா."

ஊரெல்லாம் கல்யாணத்துக்கு மொய் வைக்கும்போது, கல்யாணம் ஆனதும் கொடுத்துவந்ததை நிறுத்துகிற ஒரே உறவுக்காரி நான்தான்.