உங்களுக்கு அப்புறம்தான் சார்

ஆறு வருடமாக எனக்குச் சிறுநீரக நோய். போன வாரம் கணுக்கால் வேறு சுளுக்கிக்கொண்டது. "நடையை நிறுத்தாதீங்க, தூரத்தை மட்டும் கம்மி பண்ணிக்கங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இன்று காலை ராஜகோபுரத்தடியில், எங்கள் கிரிவலக் குழுத் தலைவர் சேகர் சார் என் கால் பேண்டேஜைப் பார்த்தார்.

"கிட்னி பேஷண்ட்டு, இப்ப காலும் போச்சு. வீட்ல படுங்கம்மா. நமக்கு எதுக்கு இதெல்லாம்?"

எல்லோரும் சிரித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்கள் தெற்குப் பக்கமாக மலையைச் சுற்ற, நான் வடக்கே காஞ்சி ரோடு வழியாக ஆட்டோவில், மலைக்குப் பின்பக்கம் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைக்குப் போய் உட்கார்ந்தேன். தூரத்தில் அவர்கள் தலை தெரிந்ததும் எழுந்து, முன்னால் நிதானமாக நடந்தேன்.

சேகர் சார் ஓடியே வந்தார்.

"எப்பம்மா கிளம்புனீங்க?"

"உங்களுக்கு அப்புறம்தான் சார்."

மிச்ச வழி முழுக்க அவர் ஓட்டம்தான். நான் அரை கிலோமீட்டரில் நிறுத்திக்கொண்டேன்.

மதியம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி. சாருக்குத் தொடையில் சதை பிடித்துக்கொண்டதாம், ஒரு வாரம் வரமாட்டாராம்.

"வீட்ல படுங்க சார். நமக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று முதல் ஆளாகப் பதில் போட்டேன்.

ஆட்டோ விஷயத்தை அவரிடம் சொல்லப்போகிறவர்கள் இங்கேயே கையைத் தூக்கிவிடுங்கள். பெயரைக் குறித்துவைத்துக்கொள்கிறேன்.