பூஜையில் வைத்த கத்தரிக்கோல்

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் எல்லாக் கருவிகளுக்கும் லீவு. எனக்கு மட்டும் டபுள் டியூட்டி. கத்தரிக்கோல், ஸ்பேனர், தராசு, எண்ணெய்க் குப்பி, பிள்ளைகளின் பாடப் புத்தகம் எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் படுத்துவிடும். மறுநாள் விஜயதசமிக்குக் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அரிவாள்மணையையும் பூஜையில் வைத்துவிட்டு, "வடைக்கு இன்னும் வெங்காயம் நறுக்கலையா?" என்று என்னைக் கேட்ட குடும்பம் இது.

போன வருஷ பூஜைக்குக் கதாநாயகன் ஒரு மெஷின். ஆரணியில் எங்களைப்போல் பட்டு நெய்கிற குடும்பத்தில் புது மெஷின் வருவது புது மாப்பிள்ளை வருகிற மாதிரி. என் கணவரின் அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், நூல் சுற்றுவதற்காக அதை வாங்கியிருந்தார். நீளமான ஓர் இரும்புத் தண்டு விர்ரென்று சுழலும், அதன் வேகத்தில் வரிசையாக பாபின்களில் பட்டு நூல் ஏறும். அதற்கு அவர் மாலை போட்டார், இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டினார், ஸ்விட்சுக்குக்கூடப் பொட்டு வைத்து மாவிலையால் மூடினார். என் கல்யாணத்தில் எனக்கு இவ்வளவு அலங்காரம் நடக்கவில்லை.

எதிர்வீட்டுச் சிறுமியும் காலையிலேயே வந்துவிட்டாள். நாலாவது படிக்கிறாள். அவள் வீட்டிலும் பூஜை உண்டு. ஆனால் எங்கள் வீட்டுச் சாமிக்கு செல்வாக்கு அதிகம் என்று நினைத்தாளோ என்னவோ, ஸ்கூல் பையை மொத்தமாக இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டாள். கணக்குப் புத்தகம் அடியில், அதற்கு மேல் ஜியாமெட்ரி பாக்ஸ், அதற்கும் மேல் டிபன் பாக்ஸ். வாய்ப்பாடாவது சொல்லேண்டி என்று அவள் அம்மா வாசலில் நின்று கத்தினாள். "வாய்ப்பாடு சாமிகிட்ட இருக்குதும்மா. தொட்டா பாவம்" என்று பதில் வந்தது. பூஜை விதிகளை அவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கிற ஆள் எங்கள் தெருவில் வேறு யாரும் இல்லை.

மதியம் சேவூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். மாமாவுக்கு மெஷின் ஓடுவதை அவர்களுக்குக் காட்டவேண்டும், போனில் வீடியோவும் எடுக்கவேண்டும். இன்றைக்கு ஓட்டலாமா என்று யாரோ கேட்டார்கள். வேலைக்கு ஓட்டினால்தான் தப்பு, வீடியோவுக்கு ஓட்டினால் தப்பில்லை என்று மாமா உடனே ஒரு சாஸ்திரம் சொன்னார். எந்த ஊர் சாஸ்திரமோ!

நான் கட்டியிருந்தது எங்கள் தறியில் நெய்த புடவை. அதனால் என்னையும் மெஷினோடு சேர்த்து விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள். சாமி காரியம் என்று முந்தானையைக் கழுத்தைச் சுற்றி, தோள்மேல் பவ்யமாகப் போர்த்திக்கொண்டு நின்றேன். மாமா மாவிலைக்குள் கையை விட்டு ஸ்விட்சைப் போட்டார்.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போம்மா. குனிஞ்சி பூ போடு. பார்டர் தெரியணும்" என்றார் மாமா.

குனிந்தேன். பார்டர் நன்றாகத் தெரிந்திருக்கும். மெஷினுக்கும் தெரிந்தது. முந்தானையின் நுனியைத் தண்டு பிடித்து ஒரு சுற்று சுற்றியது. நான் நிமிர்வதற்குள் என் தாடை மெஷினின் இரும்புச் சட்டத்தில் போய் இடித்தது. புடவை கழுத்தை இறுக்கியது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. தண்டு சிக்கிக்கொண்டு நின்றாலும் மோட்டார் விடவில்லை, உறுமி உறுமி வெட்டி இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்து இன்னும் கொஞ்சம் இறுகியது.

கண் மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் இதையெல்லாம் சொல்ல முடிகிறது.

மாமா ஓடி வந்தார். வந்து புடவையைப் பிடித்தார். "மெதுவா இழுங்கடா, ஜரிகை போயிடும்!" என்றார். சேவூர்க்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் புடவையைப் பிடித்து மெதுவாக இழுத்தார்கள். என் கணவர் கையில் பொரித் தட்டு. சாமிக்குப் படைத்த பொரியைக் கீழே வைக்கக்கூடாதே என்று அதை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். இருபக்கமும் திரும்பிப் பார்த்த அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அன்றைக்கே சாகப்போகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

"ஸ்விட்ச் எங்கடா?"

"வாழமரத்துக்குப் பின்னால! மாவிலைக்குள்ள பாருங்க!"

ஒருவர் மாவிலையை ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தார். அந்த நேரத்தில் எதிர்வீட்டுச் சிறுமி குனிந்து மெஷினுக்கு அடியில் புகுந்தாள். சுவரோரம் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கினாள். மோட்டார் அடங்கியது. அதே பாக்ஸில் செருகியிருந்த சீரியல் விளக்கும் சாமிப் பாட்டும் சேர்ந்து அணைந்தன.

"ஐயையோ, சாமி வௌக்கு அணைஞ்சிடுச்சே!" என்று எல்லோரும் பதறினார்கள். அன்று அந்தக் கூட்டம் மனதாரப் பதறியது அதற்குத்தான்.

மெஷின் நின்றதே தவிர கழுத்து இறுக்கம் தளரவில்லை. தண்டைக் கையால் திருப்பினால் வந்துவிடும் என்றார் ஒருவர். எந்தப் பக்கம் என்று இன்னொருவர் கேட்டார். விவாதித்து முடிவெடுத்துத் தப்பான பக்கம் திருப்பினார்கள். எனக்குக் கண் இருட்டியது.

"வெட்டிடலாம் அண்ணா, கத்தரிக்கோல் எங்க?" இது என் கணவர். தட்டு இன்னும் கையில்தான்.

"பூஜையில இருக்குது."

எல்லோரும் சாமி படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள், யாரும் கை நீட்டவில்லை.

"பக்கத்து வீட்ல ஜல்தியா வாங்கிக்கினு வாங்கடா!"

"அங்கயும் பூஜைதாங்க!"

நியாயம்தானே. அன்றைக்கு ஆரணி முழுக்கக் கத்தரிக்கோல்கள் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. நெய்கிற ஊரில் ஒரு துணியை வெட்ட வழியில்லை.

மெஷினுக்கு அடியிலிருந்து வெளியே வந்த சிறுமி குத்துவிளக்கைத் தாண்டினாள். மேலிருந்த பாக்ஸ்களைத் தள்ளிவிட்டு, தன் கணக்குப் புத்தகத்தின் மேலேயே காலை வைத்து எக்கி, பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். "ஏய், தொடாத! கைய எடு!" என்று மாமா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியிருக்கும். அவள் திரும்பவில்லை. என் கழுத்துக்கும் புடவைக்கும் நடுவில் தன் இடது கை விரல்களை நுழைத்தாள். கத்தரிக்கோல் என்மேல் படாமல் இருக்க அவள் விரல்தான் தடுப்பு. பிறகு வெட்டினாள். பட்டு லேசில் அறுபடாது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வெட்டினாள். அவள் விரல் ரத்தம் என் தோளில் சூடாக வழிந்தது.

காற்று வந்தது. ஊதுபத்திப் புகையும் மெஷின் எண்ணெயும் கலந்த காற்று. அவ்வளவு ருசியாக எதையும் நான் இதுவரை சாப்பிட்டதில்லை.

மாமாவின் முதல் வார்த்தை, "நட்ட நடு முந்தானையில வெட்டிட்டாளே." அடுத்தது, கத்தரிக்கோலைக் கழுவித் திரும்பப் பொட்டு வைக்கச் சொன்னது. அடங்காத பிள்ளையை வளர்த்திருக்கிறாயே என்று சிறுமியின் அம்மாவுக்கும் திட்டு விழுந்தது. நான் பேச வாய் திறந்தேன், இருமல்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டீர்கள் என்றார். அதைக் கேட்டதும் மாமாவுக்கு ஞாபகமே மாறிவிட்டது. போனில் விசாரித்தவர்களிடமெல்லாம், "நான்தான் சொன்னேன். சாமியாவது பூஜையாவது, உசுருதான் முக்கியம், எட்றா பாப்பான்னு" என்று விளக்கினார். பக்கத்திலேயே கட்டிலில் நான் படுத்திருக்கும்போதே விளக்கினார். தெருக்காரர்கள் சேர்ந்து அவருக்குச் சால்வை போட்டார்கள். சிறுமிக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார்கள். போட்டோவில் அவள் இருக்கிறாள். மாமாவின் முழங்கைக்குப் பின்னால் பாதி நெற்றி தெரியும்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் வீட்டில் யாரும் சோறு தின்னமாட்டார்கள். அந்தப் பிள்ளைமேல் மட்டும் எனக்கு அப்படி ஒரு பிரியம். பெற்றிருந்தால்கூட இப்படி வந்திருக்குமா தெரியாது.

விரலில் கட்டோடு ஒருநாள் சாயங்காலம் வந்தாள். முறுக்கு கொடுத்து உட்காரவைத்தேன்.

"உனுக்கு பயமா இல்லியாடி?"

"இருந்துச்சி ஆன்ட்டி. சாமி கண்ணக் குத்தும்னு சொல்வாங்களே."

"அப்பறம் எப்படி எடுத்த?"

முறுக்கைக் கடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

"எல்லாரும் பொடவையத்தான் புடிச்சிக்கினு இருந்தாங்க. உங்கள யாருமே புடிக்கலியே ஆன்ட்டி."

அவளுக்குப் பால் கொண்டுவந்த என் கணவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கையில் டம்ளர் இருந்தது. இந்தமுறை அதை வைக்க அவர் இடம் தேடவில்லை.