அடுப்புக்குப் பிறகு தேய்த்த கிரேங்க்

ஸ்ரீ கெம்பாங்கானில் இரும்பை வேக வைக்கும் பட்டறையில் எனக்கு வேலை. இன்ஜின் சாமான்களை அடுப்புக்குள் அடுக்கி, மூடி, அம்மோனியா வாயுவை விட்டு மணிக்கணக்காகச் சூடாக்குவோம். வெளியே வரும்போது இரும்பின் மேல்தோல் கெட்டியாகியிருக்கும். உள்ளே அதே பழைய இரும்புதான். அம்மோனியா கக்கூஸ் வாசம் அடிக்கும். பள்ளிக்கூடத்தில் பாதி நாள் கக்கூஸில் ஒளிந்திருந்தவனுக்கு அது புதிதில்லை.

என் தங்கை புருஷனிடம் ஒரு லோரி இருந்தது. போர்ட் கிள்ளானில் சரக்கு ஏற்றுவார். அந்த வீட்டுக்குச் சோறு அதுதான். இன்ஜின் தட்ட ஆரம்பித்ததும் அதற்குள் சுழலும் இரும்புத் தண்டான கிரேங்க் ஷாஃப்டைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்தார். தேய்ந்த இடங்களை கிரைண்டிங்கில் சமமாக்கி, அப்புறம் அடுப்பில் வைத்துத் தர வேண்டும். பட்டறை முதலாளி தவுக்கேயிடம் கேட்டேன். இடம் இருந்தால் ஒரு மூலையில் வைத்துக்கொள் என்றார்.

மறுநாளே இடம் கிடைத்தது. ஓசியில் எது கிடைத்தாலும் எனக்குக் கண் தெரியாது. கிரேங்கை அப்படியே உள்ளே தள்ளிவிட்டேன். அது வெந்து வந்த பிறகு பக்கத்துப் பட்டறையில் கிரைண்டிங்குக்குக் கொடுத்து, பளபளவென்று தேய்த்து வாங்கினேன். அந்தக் கெட்டித் தோல் நகத்தின் கனம்கூட இருக்காது. பவுடர் பூசிவிட்டு முகம் கழுவினவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

அவர் எடுத்துப்போக வந்தபோது, எப்போதும் செய்வதுபோல அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். தோல் கெட்டியாக இருந்தால் அரம் வழுக்கும். அது கடித்தது. கட்டைவிரலில் இரும்புத்தூள் ஒட்டியது. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு விளங்கியது.

“என்ன மச்சான், கீறல் விழுதே?”

“அரம் புதுசு மாப்ள. கல்யாணமான புதுசுல நீங்ககூடத்தான் எல்லாரையும் கடிச்சீங்க.”

“உங்க வாய்க்குத்தான் முதல்ல அரம் போடணும் லா” என்று சிரித்துக்கொண்டே தூக்கிப் போனார்.

இன்னொரு தடவை அடுப்பில் விட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு வாரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு, தப்புப் பண்ணிவிட்டேன் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எதற்கெல்லாமோ திறக்கிற வாய், அதற்குத் திறக்கவில்லை.

ரெண்டு மாதம் ஓடியது. ஒரு மத்தியானம் சரக்கோடு போகும்போது கிரேங்க் முறிந்து, இன்ஜினையே பிளந்துவிட்டது. லோரி பழைய இரும்புக்குப் போனது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர், “மச்சான் நல்லாத்தான் செஞ்சு குடுத்தாரு. லோரிதான் கிழடு லா” என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். லோரியின் வயதை வைத்து ஒரு ஜோக்கும் அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நாள் இங்கே அங்கே அலைந்துவிட்டு, “உங்க எடத்துல ஆள் எடுக்கிறாங்களா மச்சான்?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு எந்த முகம் இருந்தது? இன்ஜின் தெரிந்த ஆள் என்றதும் தவுக்கே உடனே எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் சூப்பர்வைசர் அக்கா அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தார். நான் ரெண்டு எட்டு தள்ளி நின்றேன்.

“அண்ணே, இத மட்டும் மறக்காதீங்க. முதல்ல கிரைண்டிங், அப்புறம்தான் அடுப்பு. மாத்திச் செஞ்சா தோல் போச்சு. அரத்த வெச்சு இழுத்தா கடிக்கும், அங்கயே தெரிஞ்சிடும்.”

“கடிச்சா?”

“எடுத்து வெச்சிட்டு என்கிட்ட சொல்லுங்க. வண்டில மாட்டவே கூடாது.”

அவர் மேசையில் கிடந்த அரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இது இங்க எல்லாருக்கும் தெரியுமா அக்கா?”

“உங்க மச்சானுக்கே தெரியும்னா பாத்துக்கங்களேன்!” அக்கா பெரிதாகச் சிரித்தார்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டார். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, வரிசையாக நிறுத்தியிருந்த கேஸ் சிலிண்டர் தோம்புகளுக்குப் பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்தார்.

தங்கையிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. அவள் போன் வந்தால் நான் எடுப்பதில்லை.

இப்போதும் ஒரே அடுப்பில்தான் ரெண்டு பேரும் வேலை செய்கிறோம். கனமான சாமானைத் தூக்க ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார், யாரோ தெரியாதவனைக் கூப்பிடுகிற மாதிரி.

“அண்ணே, அந்தப் பக்கம் பிடிங்க.”