புள்ளி வைத்தவன் மேல் சந்தேகம்

"மை தெறிச்சிருக்கு தம்பி. வேற தாள்ல எடுத்துக் குடு" என்று ஒருவர் பேப்பரை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். எக்ஸெலில் புள்ளிப் படம் போடுகிற வேலையில் முதல் சந்தேகம் பிரிண்டர் மேல் வரும். அது தீர்ந்ததும் போட்டவன் மேல் வரும்.

சிம்மக்கல்லில் ஒரு மாடிப்படிக்கு அடியில் 'பிராஜெக்ட் டைப்பிங், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங்' என்று போர்டு தொங்கும் கடையில் ஒன்றரை வருஷமாக இருக்கிறேன். பிளஸ் டூ கணக்கில் இருநூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கினேன். அதோடு படிப்பு முடிந்தது. இப்போது படிக்கிறவர்களுக்கெல்லாம் நான்தான் படம் போட்டுக் கொடுக்கிறேன். இதே மாதிரிக் கடைகளில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் சக பாவிகளே, கீழே எழுதியிருப்பது உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன்.

முப்பத்தாறு ஆடுகள்

பேப்பரை ஆட்டியவர் உசிலம்பட்டிக்காரர். மகன் கால்நடைப் படிப்பு படிக்கிறான். அவன் பிராஜெக்டை வாங்கிப்போக அப்பா டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார். உள்ளே இருந்தது ஆட்டுக் கணக்கு. ஒவ்வோர் ஆட்டுக்கும் வயது எத்தனை மாதம், எடை எத்தனை கிலோ என்று இரண்டு நம்பர். வயதை அடிக்கோட்டில் வலப்பக்கமாக எண்ணிப் போய், அங்கிருந்து எடையை மேலே எண்ணி ஏறி, நிற்கிற இடத்தில் ஒரு புள்ளி. ஓர் ஆட்டுக்கு ஒரு புள்ளி. நான் இம்புட்டையும் விளக்கி முடிக்கிற வரை அவர் என்னைப் பார்க்கவில்லை, பிரிண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடு எங்க இருக்கு?" என்றார். இந்தப் புள்ளிதான் ஆடு என்றேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். பேப்பரை வெளியே வெயிலுக்குக் கொண்டுபோய், விரலை வைத்து வைத்து உதட்டை அசைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்து, "ஒண்ணு ரெண்டுன்னா போகட்டும்னு விட்டுருவேன். முப்பத்தாறு எடத்துல தெறிச்சிருக்கு. நல்லா எண்ணிட்டுத்தான் சொல்றேன்" என்றார்.

வீட்டு பாஷை

முதலாளி ரங்கராம் அண்ணன் சௌராஷ்டிரக்காரர். எங்களிடம் தமிழ் பேசுவார், போனில் வீட்டோடு பேசும்போது அவர்கள் பாஷை. அதில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் நடுவில் 'முத்து' என்று என் பெயர் வரும், பிறகு ஒரு சிரிப்பு வரும். மதியச் சாப்பாட்டுக்கு நான் எத்தனை நிமிஷம் எடுத்துக்கொண்டேன் என்பதைத்தான் சொல்கிறார் என்று நான் நினைக்கிறேன். இதுவரை நிரூபிக்க முடியவில்லை.

புள்ளிப் படம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். சார்ட் விஸார்டைத் திறந்தால் கோட்டுப் படம் சீக்கிரம் கண்ணில் படும். அவசரத்தில் அதைத் தட்டினால் வயது ஒரு கோடாகவும் எடை ஒரு கோடாகவும் இரண்டு புழு தனித்தனியாக ஊரும். எந்த வயதுக்கு எந்த எடை என்கிற ஜோடி தொலைந்துவிடும். கீழே எக்ஸ்-ஒய் என்று இருப்பதைத் தட்டினால்தான் ஜோடி ஜோடியாகப் புள்ளி விழும். அதைக் கற்றுக்கொண்ட வேகத்தில், கோட்டுப் படம் கேட்ட ஒரு பி.எட். அக்காவிடம் அது தப்பு என்று சொல்லிவிட்டேன். அக்கா கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். அண்ணன் கூப்பிட்டுச் சொன்னார்: "கஸ்டமர் கேக்குறதத் தட்டு. இங்க அறிவும் கிடைக்கும்னு போர்டுல எழுதி வைக்கலையேப்பா."

நூறு வாடிக்கையாளர்

எம்.பி.ஏ. படிக்கும் ஓர் அண்ணன் வந்தார். டீ குடிக்கப் போனாலும் ஃபிளாப்பியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். நான் அவர் பிராஜெக்டைக் காப்பியடித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பயம். ஒரு துணிக்கடையில் நூறு வாடிக்கையாளரிடம் கேட்டதாகத் தாள் வைத்திருந்தார். எத்தனை வருஷமாகக் கடைக்கு வருகிறீர்கள், கடைக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள்? படம் போட்டேன். நூறு புள்ளியும் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே கோட்டில் நின்றன. ரேஷன் கடை வரிசையே அப்படி நிற்காது.

"அண்ணே, நெசமாவே கடைக்குப் போனீங்களா?" என்று கேட்டேன். எனக்கு வாயில் பூட்டுக் கிடையாது. அவர் தெருவை எட்டிப் பார்த்தார். ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு காதோடு கேட்டார்: "மாப்ள, எம்புட்டுக் கலச்சு விட்டா நம்புவாய்ங்க?"

எஸ்தர் டீச்சரின் கைப்பை

இப்போது நான் மாட்டிய கதை. எஸ்தர் டீச்சர் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார், வீடு வில்லாபுரம். எம்.ஃபிலுக்காக மூன்று பள்ளிக்கூடங்களில் ஏறி இறங்கி அறுபது பிள்ளைகளைப் பிடித்திருந்தார். பிள்ளையின் வீடு பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், கணக்கில் எத்தனை மார்க். தூரம் கூடினால் மார்க் குறையும், அதைக் காட்ட வேண்டும். ஜூனுக்குள் எம்.ஃபில் கைக்கு வந்தால் மேல்நிலை வகுப்புக்கு மாற்றித் தருவதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. எட்டு வருஷமாக அந்த இடத்துக்குக் காத்திருப்பதாகச் சொன்னார்.

டீச்சருக்கு என்மேல் நம்பிக்கை கிடையாது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் உட்காருவார். தப்பாக வந்த பிரிண்டைக்கூடக் குப்பையில் போட விட மாட்டார். மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். ஒரு தடவை, எதுக்கு டீச்சர் கசங்கின பேப்பர் என்று கேட்டுவிட்டேன். "முப்பது பிள்ளைகள் பரீட்சை எழுதுறப்ப பின்னால நிக்கிறவ நான். கை எங்க போகும்னு எனக்குத் தெரியும்" என்றார்.

ஒரு பெட்டி வந்து கேட்டது

டீச்சர் நோட்டில் தூர வரிசையில் எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை முதலில், கடைசி பஸ் ஸ்டாப் பிள்ளை கடைசியில். பெயர், தூரம், மார்க் என்று மூன்று பத்தியாக நான் அடித்து முடித்ததும், "எத்தன தம்பி இதுல ஜாஸ்தி மார்க்?" என்றார். தேடிக் காட்டப் பொறுமையில்லை. மார்க் பத்தியை மட்டும் மவுஸால் இழுத்துக் கறுப்பாக்கி, பெரிய நம்பர் மேலே வருகிற மாதிரி ஸார்ட் பட்டனைத் தட்டினேன். திரையில் ஒரு பெட்டி வந்து இங்கிலீஷில் என்னமோ கேட்டது. பெட்டி கேட்பதை எல்லாம் படித்துக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம்கூட அடிக்க முடியாது. ரெண்டு தடவை தட்டினேன், போய்விட்டது. "தொண்ணூத்தி மூணு டீச்சர்" என்றேன்.

அதன் பிறகு படம் போட்டேன். இடது மேல் மூலையில் தொடங்கி வலது கீழ் மூலை வரை புள்ளிகள் சறுக்கு மரத்தில் பிள்ளைகள் வழுக்குகிற மாதிரி இறங்கின. டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார். மறுவாரம் அவருடைய கைடு அந்தப் பேப்பர் மேலேயே சிவப்பு மையில் 'மிக நன்று' என்று எழுதி அனுப்பியிருந்தார். டீச்சர் அதை எனக்குக் காட்டினார், கையில் தரவில்லை. "இருபது வருஷத்துல இம்புட்டு சுத்தமா ஒரு படத்த நான் பாத்ததில்லைன்னு சொன்னாருப்பா" என்றார்.

நோட்டைத் திறந்தேன்

இம்புட்டு சுத்தம் என்றதும் எனக்கு அந்த நூறு வாடிக்கையாளர் ஞாபகம் வந்துவிட்டது. பரீட்சை ஹாலில் பின்னால் நிற்கிற டீச்சரும் இந்த வேலைதான் பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன். பின்னிணைப்பில் பெயர்ப் பட்டியல் சரிபார்க்க நோட்டை என்னிடம் விட்டுவிட்டு அவர் பேங்குக்குப் போன நேரம். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று திறந்தேன்.

நோட்டில் முதல் பெயர் செல்வம். வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு, மார்க் ஒன்பது. கம்ப்யூட்டரில் அவனுக்குத் தொண்ணூற்று மூன்று. நோட்டில் கடைசிப் பெயர் பேச்சியம்மாள். பதினோரு கிலோமீட்டர், மார்க் எண்பத்தெட்டு. கம்ப்யூட்டரில் அவளுக்கு நாலு. பெயரும் தூரமும் இருந்த இடத்தில் இருக்க, மார்க் மட்டும் தனியாக வரிசை மாறி நின்றது. அறுபது பிள்ளைக்கும் யார் மார்க்கோ போயிருந்தது. பக்கத்துப் பத்திகளையும் சேர்த்து அடுக்கவா, இதை மட்டுமா என்று அந்தப் பெட்டி கேட்டது இதைத்தான். இப்படி ஒருத்தன் எங்கள் ஸ்கூல் லிஸ்ட்டில் தட்டியிருந்தால் நானும் பாஸாகியிருப்பேன்.

நோட்டைப் பார்த்து மறுபடி அறுபது மார்க்கும் அடித்துப் படம் போட்டேன். வலையில் விழுந்த கொசு மாதிரி மேலும் கீழும் எல்லா இடத்திலும் புள்ளி. தூரத்துக்கும் மார்க்குக்கும் ஒரு சம்பந்தமும் தெரியவில்லை. ரங்கராம் அண்ணனிடம் காட்டினேன். அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "கைடு ஓகே சொன்னத நீ யாருடா மாத்த? பழைய படத்தையே போட்டு பைண்டிங் அனுப்பு. அந்தம்மாகிட்ட வாயத் திறந்த, தொலச்சுருவேன்."

திறந்தேன்

டீச்சர் பேங்கிலிருந்து வந்து ஸ்டூலில் உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன். நான்தான் செய்தேன், பெட்டியைப் படிக்கவில்லை, இதுதான் சரியான படம். டீச்சர் முதலில் நம்பவில்லை. நான் வேறு யாரிடமோ பேசி வைத்துக்கொண்டு அவர் ஆராய்ச்சியைக் கெடுக்கிறேன் என்றார். நோட்டை வாங்கி, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துத் திரையோடு ஒப்பிட்டார். இருபதாவது பெயரில் விரல் நின்றது. "திங்கக்கிழமை குடுக்கணும்" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு என்னைப் பார்த்தார். "இத எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்ல?"

மணி அடிக்காத போன்

சொல்லாமல் இருந்தால் தப்பில்லை, சொன்னதுதான் தப்பு என்கிற கணக்கு எனக்கு விளங்கவில்லை. அதையும் சொன்னேன். டீச்சர் கைப்பையைத் திறந்து மூடினார். "பழசையே போட்டுரு தம்பி. இந்த ஒரு தடவ. எல்லா அத்தியாயமும் அத வச்சுத்தான் எழுதியிருக்கேன்" என்றார். அழவில்லை, ஆனால் அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். எட்டு வருஷம் என்று அவர் சொன்னது காதில் கேட்டது. போட மாட்டேன் டீச்சர் என்றேன். தப்பாகத் தட்டினது தெரியாமல் தட்டினது. தெரிந்துகொண்டு மறுபடி அதையே தட்ட என்னால் ஆகாது. அண்ணனுக்கும் ஸார்ட் தெரியும், ஒரு நிமிஷ வேலை, அவரிடம் சொல்லுங்கள் என்றேன்.

இரண்டு பேரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் சட்டென்று போனை எடுத்து வீட்டு பாஷையில் பேச ஆரம்பித்தார். மணி அடிக்கவே இல்லை, நம்பரும் போடவில்லை. அவர் நிறுத்துவார் என்று டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் நிறுத்தவில்லை. கடைசியில் டீச்சர் ஸ்டூலை என் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து மேஜைக்குப் பக்கத்தில் போட்டார். திரையில் வலது பக்கம் மேலே தனியாக நின்ற புள்ளியைக் காட்டி அது யார் என்று கேட்டார். பேச்சியம்மாள் என்றேன். அந்தப் பிள்ளை எந்தப் பஸ்ஸில் வருகிறாள் என்று தனக்குத் தெரியும் என்றார். பிறகு, "மொத அத்தியாயத்துலருந்து தேடு. 'குறைகிறது'ன்னு நான் எத்தன எடத்துல எழுதியிருக்கேன்?" என்றார்.

இருபத்தேழு இடம். எல்லாவற்றையும் மாற்றி எழுதியதைக் கைடு அந்தத் தடவை ஒத்துக்கொள்ளவில்லை. ஜூன் போனது, மேல்நிலை வகுப்பு வேறு ஒருவருக்குப் போனது. தலைப்பையே மாற்றி டிசம்பரில்தான் டீச்சருக்கு எம்.ஃபில் வந்தது. அதற்கும் பைண்டிங் எங்கள் கடையில்தான். கசங்கின பேப்பரை இன்னமும் எண்ணித்தான் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

இந்த ஒன்றரை வருஷத்தில் முதலாளியும் கஸ்டமரும் ஒரே வேலையை ஒரே வாயாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான், பழைய படத்தையே போடு என்று. அதைத்தான் நான் செய்யவில்லை.