உப்புக்காற்றுக்கு ஒட்டிய டேப்

பிள்ளைகளே, உங்கள் அக்காவுக்கு வாங்கிய புது லேப்டாப், வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி அணைந்துபோனது. அன்று மாலைக்குள் அவள் கல்லூரிக்கு ப்ராஜெக்ட் அனுப்பியாக வேண்டும். நான் கரண்டைத் திட்டினேன், சார்ஜரைத் திட்டினேன், விற்ற கடைக்காரரைப் போனில் கிழித்தே விட்டேன். அவர் பொறுமையாக, “அண்ணாச்சி, அடியில இருக்க ஓட்டை அடைச்சிருக்கான்னு பாருங்க” என்றார்.

அக்கா லேப்டாப்பைத் திருப்பினாள்.

“யப்பா, இங்கன டேப் ஒட்டுனது யாரு?”

“ஏளா, உப்புக்காத்து உள்ள போயி துருப்பிடிச்சிரக் கூடாதுன்னு நான்தான்…”

“அப்ப சூடு எப்படிப்பா வெளிய போவும்? நல்லவேள, எம் மூக்குல ஒட்டாம விட்டீங்களே!”

டேப்பை உரித்த பிறகு லேப்டாப் அணையவே இல்லை. ப்ராஜெக்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உடனே, கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவள் போனை என் கையில் திணித்தாள். அவர் எடுக்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.