ஆங்கிலத்தில் சொல்

மலேசியாவில், கூலாயில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. என் நான்காம் படிவ வகுப்பில் பதினாறு வயதுப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேர். வீட்டில் மலாய், சீனம், தமிழ் என்று ஆளுக்கொரு மொழி. ஆங்கிலம் மட்டும் யார் வீட்டிலும் இல்லை. அதனால் ஒரு விதி வைத்திருந்தேன். என் பாடவேளையில் வேறு மொழி கூடாது. கழிப்பறைக்குப் போவதென்றாலும் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும். அந்த விதியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதல் வரிசையில் ஒரு தமிழ்ப் பெண் உட்கார்ந்திருப்பாள். எழுத்து சுமார், வாயைத் திறப்பது அபூர்வம். அப்பா தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அம்மாவுக்குப் பக்கத்து ஊரான செனாயில் தொழிற்சாலை வேலை. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அன்று காலை அவள் பைக்குள் போன் அதிர்ந்தது. பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. நான் கையை நீட்டினேன். அவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், அம்மா வேலை செய்யுற இடத்துல போன் உள்ள விட மாட்டாங்க. அதான் நான்..."

"இங்கிலீஷ்ல சொல்லு."

"டீச்சர்... மை மதர்... தி போன்..."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் போனை என் கையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அதை என் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். எல்லோரையும் கட்டுரை எழுதச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் இழுப்பறை உறுமியது. மரப்பலகையில் போன் அதிரும்போது எழும் சத்தம் இருக்கிறதே, அமைதியான வகுப்பில் அது மிகப் பெரிது. நின்றது. மறுபடி தொடங்கியது. நான் திறக்கவில்லை. திறந்தால் விட்டுக்கொடுத்தது போலாகிவிடும், வகுப்பே பார்க்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் முறை அடித்தபோது எழுந்து, சத்தம் அவ்வளவாகக் கேட்காத கடைசி வரிசைக்கு நடந்து போனேன். அங்கிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரிந்தது. எழுதும் கையின் முழங்கை நகரவேயில்லை.

ஐந்தாம் முறை அடித்து ஓய்ந்த பிறகுதான் போய்த் திறந்தேன். எல்லாம் ஒரே சிங்கப்பூர் எண். அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். போனை அவளிடம் நீட்டும்போதே மறுபடி அடித்தது.

மருத்துவமனைத் தாதி ஒருவர் பேசினார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. மூச்சுவிடாத, வேகமான ஆங்கிலம். அப்பாவின் மோட்டாரை லாரி ஒன்று மோதிவிட்டது. நினைவில்லை. அவசரத்துக்கு என்று அவர் பணப்பையில் எழுதி வைத்திருந்த எண் இதுதான். உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். எனக்குப் புரிந்த எதுவும் அவளுக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"குடும்மா, நான் பேசுறேன்," என்று கையை நீட்டினேன்.

அவள் தோளைத் திருப்பிக்கொண்டாள். "இல்ல டீச்சர். எங்க அப்பா."

பிறகு போனில் சொன்னாள்: "ப்ளீஸ், ஸ்லோ. ஐ ஆம் டாட்டர். மை ஃபாதர் அலைவ் ஆர் நாட்?"

அந்தக் குரல் வேகம் குறைந்தது. உயிரோடு இருக்கிறார் என்றது. வயது, பழைய நோய், சாப்பிடும் மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது உண்டா என்றது.

"எஸ்! பெனிசிலின் கேனாட்! லாஸ்ட் டைம் ஹிஸ் ஃபேஸ் பிகம் பிக். கேனாட் பிரீத். யூ ரைட் டவுன், ப்ளீஸ். ரைட் டவுன்."

எழுதிக்கொண்டேன் என்றது குரல். அவள் அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அதன் பிறகே போனை வைத்தாள். சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். போனை நான் வாங்கியிருந்தால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது.

அலுவலகத்தில் அனுமதி வாங்கி, அவளை என் காரில் ஏற்றிக்கொண்டு செனாய்க்கு ஓட்டினேன். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். பொறுக்க முடியாமல் நான்தான் சொன்னேன்.

"உள்ள அடிச்சது எனக்குக் கேட்டுச்சும்மா. கேட்டும் எடுக்கல."

அவள் சாலையையே பார்த்தாள். "எனக்கும் கேட்டுச்சு டீச்சர். எத்தன தடவன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன்."

ஏன் எழுந்து வரவில்லை என்று நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

தொழிற்சாலை வாசலில் கால் மணி நேரம் காத்திருந்தோம். தலையில் வேலைத்தொப்பியோடு வந்த அம்மா, மகளைப் பார்த்ததுமே, "அப்பாவுக்கு என்னடி?" என்றார். அன்று மதியமே அம்மாவின் தம்பி வந்து அவரைப் பாலத்துக்கு அப்பால் கூட்டிப் போனார். மகளுக்குப் பாஸ்போர்ட் இல்லை. அவள் சித்தி வீட்டில் இருந்தாள்.

அப்பா பிழைத்தார். காலில் இரும்புத் தகடு வைத்து, ஒரு மாதம் கழித்து வீடு வந்தார். பள்ளி முதல்வரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். "விதிப்படிதானே செய்தீர்கள்," என்றார். அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. இப்போது என் வகுப்பில் யாரும் எதையும் தங்கள் மொழியில் முதலில் சொல்லலாம். எனக்குப் புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்வார். ஆங்கிலம் அதற்கப்புறம்.

தேர்ச்சி அறிக்கை வாங்கும் நாளில் அப்பா ஊன்றுகோலோடு வந்தார். கைகூப்பினார். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஐந்து முறை அடித்ததையும் சேர்த்து. அவர் ஊன்றுகோலை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"கடைசில எடுத்தீங்கல்லா டீச்சர்," என்றார்.

மகள் பக்கத்தில்தான் நின்றாள். "தேங்க் யூ, டீச்சர். வீ கோ நவ்," என்றாள். போன் அடித்த அந்த நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு சொல்கூடத் தமிழில் பேசியதில்லை.